முதன்முறையாக வீட்டில் பன்றி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்றி வளர்க்கலாமா என்று யோசிப்பவர்களும், குட்டி வாங்கிய முதல் சில மாதங்களில் திணறுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டுவிட்டேன். வீட்டுக் கொல்லையில் இரண்டு, மூன்று பன்றி வளர்ப்பவர்களுக்கான பதில்கள் இவை. பெரிய பண்ணைக்குக் கணக்கே வேறு. பன்றியால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை குட்டி வந்து சேர்வதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இடம், தண்ணீர், தீவனம் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

வேண்டாம், இரண்டாக வாங்குங்கள். பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக அடைத்தால் கத்திக்கொண்டே இருக்கும், சரியாகத் தின்னாது, கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்கும். இரண்டு இருந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துக் குளிர் தாங்கும், போட்டி போட்டுத் தின்னும், விளையாடும். வேலையும் பெரிதாகக் கூடாது.

ஒரே தாயின் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளாக இருந்தால் நல்லது. முன்பின் தெரியாத இரண்டைச் சேர்த்தால் யார் பெரியவர் என்று முடிவாகும்வரை ஓரிரு நாள் சண்டை நடக்கும்.

எந்த வயதுக் குட்டியை வாங்குவது? நல்ல குட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பால் மறந்து, தானாகத் தீவனம் தின்னப் பழகிய 8 வாரக் குட்டி சரியாக இருக்கும். பெரிய வெள்ளைப் பன்றி இனமென்றால் அந்த வயதில் 12 முதல் 15 கிலோ எடை இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பால் மறக்காத குட்டியையோ, கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் சவலைக் குட்டியையோ முதல்முறை வளர்ப்பவர் வாங்கக் கூடாது.

கண் தெளிவாக, வால் பகுதி கழிச்சல் படாமல் சுத்தமாக, தோல் சொறியில்லாமல் இருக்க வேண்டும். தூக்கினால் காது கிழியக் கத்த வேண்டும். சத்தமே போடாத குட்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆண் குட்டி என்றால் காயடித்ததா என்று கேளுங்கள். காயடிக்காத ஆண், பருவம் எட்டிய பிறகு அதன் இறைச்சியில் ஒரு கெட்ட வாடை வரலாம். போட்ட தடுப்பூசி, கொடுத்த குடற்புழு மருந்து, தின்று பழகிய தீவனம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்லப்பிராணியாக வளர்க்கச் சின்னதாகவே இருக்கும் பன்றி உண்டாமே?

கையில் அடங்கும் அளவிலேயே கடைசிவரை இருக்கும் பன்றி இனம் என்று ஒன்று கிடையாது. பெரிய இனங்கள் 200 கிலோவைத் தாண்டும். அதோடு ஒப்பிட்டால் 50 கிலோ பன்றி சின்னதுதான், அவ்வளவே. 'குட்டைப் பன்றி' என்று விற்கப்படுபவை பலவும் 45 கிலோவுக்கு மேல் போய்விடும்.

தாய் தகப்பனைக் காட்டி நம்ப வைப்பார்கள். பன்றி முழு வளர்ச்சி அடைய மூன்று, நான்கு வருடம் ஆகும். ஆனால் அதற்கு வெகு முன்பே, ஆறேழு மாதத்திலேயே சினைபிடிக்கும். காட்டப்படும் தாயே இன்னும் வளராத குட்டியாக இருக்கலாம். சின்னதாக வைக்கிறேன் என்று தீவனத்தைக் குறைப்பது பட்டினி போடும் கொடுமை, அதை ஒருபோதும் செய்யாதீர்கள். செல்லமாக வளர்க்கும் பன்றி 15 வருடம்கூட வாழும் என்பதையும் வாங்குவதற்கு முன் யோசித்துவிடுங்கள்.

இரண்டு பன்றிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கொட்டில் எப்படி இருக்க வேண்டும்?

வளர்ந்த நிலையில் ஒரு பன்றிக்கு 1 சதுர மீட்டர் போதும் என்பது பெரும்பண்ணைக் கணக்கு. வீட்டில் வளர்ப்பவர் அப்படி நெருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கூரையுள்ள 6 முதல் 8 சதுர மீட்டரும், வெளியே உலாவ அதைவிடப் பெரிய இடமும் இருந்தால் பாதித் தொல்லை வராது. கூரை உயரமாகவும், காற்று தாராளமாக வந்து போகும்படியும் இருக்கட்டும். படுக்கும் மூலையில் மட்டும் காற்று நேராக அடிக்கக் கூடாது.

தரை சொரசொரப்பான சிமெண்ட்டாக, ஒரு பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். வழுவழுப்பாக இழைத்தால் கால் வழுக்கி மூட்டு பிசகும். படுக்கும் இடத்தில் வைக்கோல் அல்லது மரத்தூளைத் தாராளமாகப் போடுங்கள். சாய்வின் மேல்பக்கம் படுக்கை, கீழ்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, அதையொட்டி வடிகால். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில் புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்களே?

நியாயமான பயம். ஆனால் பன்றி, தான் படுக்கும் இடத்தில் கழிக்கவே விரும்பாத விலங்கு. இடம் இருந்தால் ஈரமான, குளிர்ச்சியான ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேதான் போகும். படுக்கையிலேயே கழிக்கிறது என்றால் இடம் போதவில்லை, அல்லது வெக்கை தாங்காமல் ஈரத்தில் படுக்கிறது என்று அர்த்தம். குட்டி வரும் நாளன்று கீழ் மூலையை மட்டும் நனைத்து, பழைய இடத்துச் சாணியைக் கொஞ்சம் அங்கே போட்டு வையுங்கள். படுக்கை காய்ந்திருக்கட்டும். பெரும்பாலான குட்டிகள் ஓரிரு நாளில் பழகிவிடும்.

மூக்கைத் துளைக்கும் வாடை அம்மோனியா. மூத்திரமும் சாணியும் கலந்து தேங்கினால்தான் அது கிளம்பும். தினமும் சாணியை வாரி, மூத்திரம் உடனே வடியும்படி செய்து, வாரியதை வைக்கோல், சருகு, மரத்தூளோடு அடுக்கி மட்க வைத்தால் வாடை வெகுவாகக் குறையும். கொட்டில் கட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரிடம் பேசிவிடுங்கள். குடியிருப்புப் பகுதியில் பன்றி வளர்க்க உள்ளாட்சி அனுமதிக்கிறதா என்பதையும் அப்போதே விசாரித்துவிட வேண்டும்.

வேலி எவ்வளவு உயரம் போட வேண்டும்? தாண்டிவிடுமா?

தாண்டுவதைவிட அடியில் தோண்டுவதும் தூக்குவதும்தான் பன்றியின் வழி. சுவர் 1.2 மீட்டர் இருந்தால் போதும்; வலு கீழே இருக்க வேண்டும். கதவின் கீல் கொக்கியை மூக்கால் நெம்பித் தூக்கிக் கழற்றிவிடும். மேல்கீலைத் தலைகீழாக மாட்டினால் அந்த வித்தை பலிக்காது.

திறந்த இடத்துக்கு மின்வேலி நல்ல தீர்வு. தரையிலிருந்து 20 செ.மீ., 40 செ.மீ. உயரங்களில் இரண்டு கம்பி போதும், ஏனென்றால் பன்றி எதையும் முதலில் மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். மின்வேலிக்கென்றே விற்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது ஆளையும் விலங்கையும் கொன்றுவிடும்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கும்? சேற்றில் புரளாமல் இருக்காதா?

50 கிலோ பன்றி ஒரு நாளைக்கு 5 முதல் 8 லிட்டர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். பால் கொடுக்கும் தாய்க்கு 20 லிட்டருக்கு மேல் தேவைப்படும். எந்த நேரமும் சுத்தமான தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். சாதாரணத் தொட்டியைக் கவிழ்த்துவிடும், இல்லையென்றால் அதற்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பன்றி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும், சுவரில் பொருத்தும் நிப்பிள் குழாயோ, தரையோடு பதித்த கனமான தொட்டியோ வையுங்கள்.

பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கத் தெரியாது. சேறுதான் அதற்கு வியர்வை. வெள்ளைத் தோல் பன்றிக்கு வெயிலில் தோல் வெந்து கொப்பளிக்கவும் செய்யும். அதனால் நிழலும், புரள ஒரு சேற்றுக்குழியும் கொடுங்கள். குழிக்கு இடமில்லை என்றால் மதிய வேளைகளில் தண்ணீர் தெளியுங்கள். வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு மாற்றி, உடம்பை நனைத்து, காற்று படும்படி செய்ய வேண்டும்.

வீட்டு மிச்சம் மீதி, ஓட்டல் கழிவு போட்டே வளர்த்துவிடலாம் என்கிறார்களே?

தீவனச் செலவைப் பார்த்துப் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். இறைச்சியோ, இறைச்சி பட்ட உணவோ கலந்த மிச்சத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கோமாரி ஆகியவற்றின் கிருமிகள் இருக்கலாம். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2001-இல் பிரிட்டனில் பரவிய கோமாரி, சரியாக வேக வைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடமிருந்தே தொடங்கியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அந்த ஒரு பரவலில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியதாயிற்று.

இதனால்தான் பல நாடுகளில் சமையலறைக் கழிவைப் பன்றிக்குப் போடுவதே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தாலும், குறைந்தது 90 டிகிரி வெப்பத்தில் 60 நிமிடம் விடாமல் கிளறி வேக வைத்து ஆறிய பிறகே கொடுக்க வேண்டும். வேகாததை வைத்த பாத்திரத்தை வெந்ததற்குப் பயன்படுத்தக் கூடாது. சமையலறை வழியே வராத தோட்டத்துக் கீரை, பூசணி, கிழங்கு, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு, வேக வைக்காத சோயா, மரவள்ளியின் பச்சைக் கிழங்கும் இலையும், பூசணம் பிடித்த தானியம் ஆகியவை மட்டும் ஆகவே ஆகாது.

அப்புறம் என்னதான் போடுவது? எவ்வளவு?

தானியம், தவிடு, புண்ணாக்கு, தாது உப்புக் கலவை சேர்ந்த தீவனம். குட்டிக்குப் புரதம் 18 முதல் 20 சதவீதம் வேண்டும். 35 கிலோ எடைக்கு மேல் 16, 60 கிலோவைத் தாண்டியதும் 14 சதவீதம் போதும். தானியமும் தவிடும் மட்டும் போட்டால் சதை பிடிக்காமல் கொழுப்புதான் ஏறும், ஏனென்றால் அவற்றில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையைச் சோயாப் புண்ணாக்கு ஈடுகட்டும்.

அளவு என்று பார்த்தால், வந்த புதிதில் நாளைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 50 கிலோவில் சுமார் 2 கிலோ, 80 கிலோவுக்கு மேல் 2.5 முதல் 3 கிலோ. ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ 3 கிலோ தீவனம் ஆகும். 12 கிலோ குட்டி 100 கிலோ ஆவதற்குள் 250 முதல் 300 கிலோ தின்றுவிடும். குட்டி வாங்கும் பணத்தை மட்டும் பார்க்காமல், இந்தத் தீவனத்துக்கான பணத்தையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

தராசு இல்லாமல் எடை எப்படிப் பார்ப்பது?

தையல் நாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகு நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் சுமார் 53 கிலோ. தீவன அளவுக்கு மட்டுமில்லை, குடற்புழு மருந்தின் அளவுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

தோட்டம் முழுக்கக் கிளறிப் போட்டுவிட்டது. மூக்கில் வளையம் போடலாமா?

நான் போடச் சொல்ல மாட்டேன். கிளறுவது பன்றியின் இயல்பு. வளையம் போட்டால் ஒவ்வொரு முறை கிளறும்போதும் வலிக்கும். நாசமானால் பரவாயில்லை என்று ஒரு துண்டு நிலத்தை அதற்கே ஒதுக்கிவிட்டு, மற்ற இடத்தை வேலியிட்டுக் காப்பாற்றுங்கள். அறுவடை முடிந்த பாத்தியில் விட்டால் களைக்கிழங்கையும் புழுவையும் தோண்டித் தின்று மண்ணைப் புரட்டியும் கொடுக்கும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து எப்போது?

பன்றிக் காய்ச்சல் (மேலே சொன்ன ஆப்பிரிக்க வகை வேறு), கோமாரி, தோலில் தடிப்பு வரும் எரிசிபெலஸ் என்னும் நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. இவற்றில் எது தேவை, எந்த வயதில் என்பது உங்கள் பகுதியில் எந்த நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால் கால்நடை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். குட்டி வாங்கும் முன்பே, பன்றி பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்வது அவசியம். எல்லோரும் பன்றி பார்ப்பதில்லை.

குடற்புழு மருந்தை வந்த ஒரு வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் கொடுக்க வேண்டும். பன்றியின் உருண்டைப் புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து வளர்ப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது.

நோய் வந்திருப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

தீவனம் போட்டதும் ஓடி வராத பன்றிக்கு ஏதோ சரியில்லை. இதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள்: 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. 40-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். தோலில் வைர வடிவத்தில் சிவந்த தடிப்பு இருந்தால் அது எரிசிபெலஸ் ஆக இருக்கலாம். உடனே ஊசி போட்டால் நன்றாகக் கேட்கும். ஓயாமல் சுவரில் உரசி, காதோரம் தோல் தடித்துப் பொருக்கு கட்டினால் சொறிப் பூச்சி. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

பன்றி இறைச்சி தின்றால் மூளையில் புழு வரும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நாடாப்புழு மனிதக் குடலில் வாழ்கிறது. அதன் முட்டை மனித மலத்தில் வெளியேறுகிறது. திறந்தவெளியில் கிடக்கும் அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் சதையில் முட்டை பொரிந்து கொப்புளமாகத் தங்கும். அந்தச் சதையை வேகாமல் தின்றவர் குடலில் மறுபடி நாடாப்புழு வளரும். மூளையில் போய்த் தங்கி வலிப்பை உண்டாக்குவது, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து கையோ தண்ணீரோ உணவோ வழியாக வயிற்றுக்குள் போன முட்டை. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் அது வரலாம்.

ஆகவே வீட்டில் எல்லோரும் கழிப்பறை பயன்படுத்துவது, பன்றியைத் தெருவில் மேய விடாமல் அடைத்து வளர்ப்பது, இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி எட்டும்வரை வேக வைப்பது, இந்த மூன்றும் இருந்தால் சங்கிலி அறுந்துவிடும். பன்றியை மட்டும் குற்றம் சொல்லிக் கழிப்பறையை விட்டுவிட்டால் ஒன்றும் மாறாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. வேறு நோய் ஏதும் தொற்றுமா?

மூளைக் காய்ச்சலில் ஒரு வகையான ஜப்பானிய மூளைக் காய்ச்சல், கொசு மூலம் பன்றியிடமிருந்து மனிதருக்கு வரும். அந்த நோய் உள்ள பகுதியில் கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீர் தேங்காமல் பார்த்து, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். எலியை ஒழித்தால் எலிக் காய்ச்சலும் குறையும். சளிக் காய்ச்சல் ஆளிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து ஆளுக்கும் தாவும் என்பதால், உங்களுக்கு இருமல் காய்ச்சல் என்றால் வேறொருவரைத் தீவனம் வைக்கச் சொல்லுங்கள். கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இரண்டையும் வழக்கமாக்க வேண்டும். எவ்வளவு பழகிய பன்றியாக இருந்தாலும் குழந்தையை அதோடு தனியாக விடக் கூடாது.

ஒரு நாள் குழாய் அடைத்துக்கொண்டது, தண்ணீர் இல்லை. மறுநாள் பார்த்தால் பன்றி வட்டம் போட்டுச் சுற்றுகிறது. விஷமா?

உப்பு நஞ்சு. தண்ணீர் இல்லாதபோது சாதாரணத் தீவனத்தில் இருக்கும் உப்பே உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும். கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், பின்னால் நடக்கும், வலிப்பு வரும். இந்த நிலையில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டால் மூளை வீங்கி நிலைமை இன்னும் மோசமாகும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுத் தண்ணீர் கொடுத்தபடியே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நிப்பிளைத் தினமும் அழுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது வராது.

ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்துப் புண்ணாக்குகிறது. ஏன்?

சலிப்பு, நெருக்கடி, வெக்கை, தீவனத் தொட்டியில் போட்டி, உப்பு அல்லது புரதக் குறைவு இவற்றில் ஏதோ ஒன்று. ரத்தம் கண்டுவிட்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும் என்பதால் கடிபட்டதை உடனே பிரித்து மருந்து போட வேண்டும். பிறகு கிளறவும் மெல்லவும் வைக்கோல், மரக்கிளை, புல்லோடு கூடிய மண்கட்டி போடுங்கள். இடத்தையும் தீவனத்தையும் மேலே சொன்னபடி சரிபாருங்கள்.

அடுத்த வருடம் குட்டி போட வைக்கலாமா?

இரண்டை முழுதாக வளர்த்து அனுப்பிய அனுபவம் வந்த பிறகு யோசிக்கலாம். பெட்டை 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 114 நாள். ஈனும் நாளுக்கு முன் வைக்கோலை வாயால் கவ்விக் கூடு கட்டும். ஈனும்போது முக்கிக்கொண்டே இருந்தும் முக்கால் மணி நேரமாக அடுத்த குட்டி வரவில்லை என்றால் மருத்துவர் வர வேண்டும்.

குட்டிகள் அதிகம் சாவது தாய் மேலே படுத்து நசுங்கித்தான். சுவரோரம் தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் ஒரு கம்பிச் சட்டம் போட்டால் குட்டி அடியில் தப்பிக்கும். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். குட்டிகள் படுக்கும் மூலை 32 டிகிரிக்குக் குறையாமல் கதகதப்பாக இருக்கட்டும். தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, அதனால் மூன்றாம் நாள் வாக்கில் இரும்பு ஊசி போடுவார்கள். குட்டி உள்ள தாய் யாரையும் பாய்ந்து கடிக்கும். வெளியேற வழி வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

வண்டியில் ஏற்ற முடியவில்லை. அடித்தும் நகரவில்லை.

அடிக்காதீர்கள். இருட்டான இடத்துக்குள் பன்றி நுழையாது. வண்டிக்குள் வெளிச்சம் விழும்படி நிறுத்துங்கள். ஏறும் பலகை செங்குத்தாகவோ வழுக்கலாகவோ இருக்கக் கூடாது. உங்கள் இடுப்பளவு உயரமுள்ள பலகையைக் கையில் பிடித்துப் பின்னாலிருந்து மெல்ல நெருங்கினால், போகும் வழி ஒன்றுதான் என்று அதுவே முன்னே போகும். ஒரு வாரம் முன்பிருந்தே ஏறும் பலகையில் தீவனம் வைத்துப் பழக்கினால் இன்னும் சுலபம்.

ஊசி போட்ட பன்றியை எப்போது இறைச்சிக்கு அனுப்பலாம்?

ஒவ்வொரு மருந்துக்கும் அது உடம்பை விட்டு நீங்கும் காலம் உண்டு. மருந்துச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட நாள், மருந்தின் பெயர், அனுப்பக்கூடிய நாள் மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். 90 முதல் 110 கிலோதான் வழக்கமான எடை. அதற்கு மேல் தின்னும் தீவனம் பெரும்பாலும் கொழுப்பாகத்தான் போகும்.

மனசு வராது என்று பலர் சொல்வார்கள். அது நல்ல மனசுதான். இறைச்சிக்கா, செல்லத்துக்கா என்பதைக் குட்டி வாங்கும் அன்றே வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். குழந்தைகளிடமும் மறைக்க வேண்டாம்.

நேற்றுவரை நன்றாக இருந்த பன்றி திடீரென்று செத்துவிட்டது. வெட்டிப் பங்கு போட்டுவிடலாமா?

கூடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது. ஆனால் பன்றிகளிடையே புகுந்தால் சிகிச்சை கிடையாது, பெரும்பாலானவை செத்துப்போகும். அறுத்தால் சிந்தும் ரத்தமும், பங்கு போய்ச் சேரும் ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக் கழிவும் அடுத்த கொட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) போன்ற நோயாக இருந்தால் அறுப்பவர் உயிருக்கே ஆபத்து.

உடலைத் திறக்காமல், நாய் காகம் அண்டாமல் மூடி வைத்து, கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் விதத்தில் ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். ஆற்றிலோ குளத்திலோ வீசுவது அக்கம்பக்கப் பன்றிகளுக்கெல்லாம் நோயை அனுப்புவது. முடிவு தெரியும்வரை மிச்சமுள்ள பன்றியை விற்கவோ இடம் மாற்றவோ கூடாது, வேறு கொட்டிலுக்கு நீங்களும் போகக் கூடாது. நோய்தான் என்று உறுதியானால், கொட்டிலைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து, துறை அனுமதிக்கும் நாள்வரை காலியாகப் போட வேண்டும். அதன்பிறகு வாங்கும் குட்டிகளையும் முதல் 30 நாள் வேறு பன்றிகள் பக்கம் விடாமல் தனியாக வைத்துக் கவனியுங்கள்.